எந்தத் தோல்விக்கு அழுவது?

ஆட்டத்தில் தோற்ற அணி அடுத்த ஆட்டத்தில் வெல்லக்கூடும். தொண்ணூறு மணித்துளியில் முடிவு தெரிந்துவிடும். மறுநாட் காலையில் வருத்தம் பாதியாகக் குறைந்துவிடும். மொழியில் தோற்ற இனத்திற்கோ அடுத்த ஆட்டம் என்பதே இல்லை. அத்தோல்வி ஒரு நாளில் நேர்வதன்று. தலைமுறை தலைமுறையாக, ஓசையின்றி, வீட்டுத் திண்ணையிலும் பள்ளிக்கூடத்திலும் நேர்வது. இவ்விரு தோல்விகளையும் ஒரே கிழமையில் எதிர்கொண்ட இனம் ஒன்று உண்டு. அது வேல்சு இனம்.

2022-ஆம் ஆண்டு நவம்பர் 29-இல், கட்டார் நாட்டில் நடந்த உலகக்கோப்பைக் கால்பந்துப் போட்டியில், வேல்சு அணி இங்கிலாந்திடம் 0-3 எனத் தோற்று வெளியேறியது. அதிலிருந்து ஏழாம் நாள், திசம்பர் 6-இல், 2021-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வேல்சு மொழி பேசுவோர் எத்தனை பேர் என்னும் கணக்கு வெளிவந்தது. அதுவும் சரிவாகவே இருந்தது. முதல் தோல்வியை உலகமே பார்த்தது. இரண்டாம் தோல்வி வெறும் எண் பட்டியலாக வந்தது. இவ்விரண்டனுள் எதற்கு அழுவது என்பதே நம் கேள்வி.

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம். வேல்சு அணி அதற்குமுன் ஒரே ஒரு முறைதான் உலகக்கோப்பைப் போட்டியில் ஆடியிருந்தது. 1958-இல் காலிறுதி வரை சென்று, பதினேழு அகவை இளைஞராயிருந்த பெலே அடித்த ஒரே இலக்கால் பிரேசிலிடம் தோற்றது. அதன்பின் 64 ஆண்டுக் காத்திருப்பு! 2022 சூன் 5-இல் கார்டிபு நகரில் உக்கிரேனை 1-0 என வென்று மீண்டும் உள்ளே நுழைந்தது. ஆயின் கட்டாரில் நேர்ந்தது என்ன? அமெரிக்காவுடன் 1-1 எனச் சமன். ஈரானிடம் 0-2 எனத் தோல்வி. இங்கிலாந்திடம் 0-3 எனத் தோல்வி. மூன்று ஆட்டங்களில் வலை புகுத்திய பந்து ஒன்றே. அதுவும் கேரத் பேல் அடித்த ஒறுப்பு உதை. ஈரானுடன் ஆடியபோது இலக்குக் காவலர் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, கூடுதல் நேரத்தில் இரண்டு பந்துகள் வலை புகுந்தன. பிரிவில் கடைசி இடம். கிடைத்தது ஒரு புள்ளி.

ஆர்வலர்கள் இதைப்பற்றிப் பேசினர், கடிந்தும் பேசினர். முப்பத்து மூன்று அகவைப் பேலையும், அவரோடு நெடுங்காலம் ஆடிய ஆரன் இராம்சியையும் இன்னும் எத்தனை நாள் நம்பியிருப்பது? இளைஞர்களுக்கு முன்னமே இடம் தந்திருக்க வேண்டாவா? பயிற்றுநர் அஞ்சி ஆடவிட்டாரா? இவை யாவும் முறையான கேள்விகளே. தன் அணியைக் கடிந்துரைக்கும் உரிமை அதனைத் தன்னதென்று கருதுவோர்க்கே உண்டு. ஆயினும் அணியைக் கடிந்த அதே மக்கள் பாடுவதை நிறுத்தவில்லை. ‘செஞ்சுவர்’ எனத் தமக்குப் பெயரிட்டுக்கொண்ட அவ்வார்வலர் கூட்டம், தொலைநாட்டுத் திடலிலும் தம் நாட்டுப்பண்ணைத் தம் மொழியிலேயே பாடியது. தோற்றபின் வெட்கித் தலைகுனிந்து சிவப்புச் சட்டையைக் கழற்றி எறியவில்லை.

ஏன்? அவர்க்கு அச்சட்டை வெறும் ஆட்டச் சட்டையன்று. ‘வேல்சு’ என்னும் பெயரே அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. அயலார் என்னும் பொருள்படும் பழஞ்செருமானிய வேர்ச்சொல்லினின்று ஆங்கிலர் முன்னோர் வைத்த பெயர் அது. தன் மண்ணில் வாழ்ந்தவனை, வந்தேறியவன் ‘அயலான்’ என்று அழைத்தான்! அம்மக்கள் தம் நாட்டிற்கு இட்ட பெயர் ‘கம்ரி’. உடன்வாழும் மண்ணினர் என்னும் பொருளுடைய சொல்லினின்று பிறந்தது. இன்று அவர்தம் கால்பந்துக் கழகம் அப்பெயரையே முன்னிறுத்துகிறது. அயலான் வைத்த பெயரைத் துடைத்து முன்னோர் பெயரை முன்னிறுத்துவது ஆட்டத்தைவிடப் பெரிய செயல்.

அவர்கள் பாடும் மற்றொரு பாட்டின் கதையும் அறியத்தக்கது. ‘அமா ஓ ஈட்’ என்பது அதன் பெயர். ‘இன்னும் இங்கேயே’ என்பது பொருள். 1979 மார்ச்சு முதல் நாள் நடந்த வாக்கெடுப்பில், தமக்கெனத் தனிப் பேரவை வேண்டா என்று வேல்சு மக்களே, வாக்களித்தோரில் ஐவர்க்கு நால்வர் என்னும் அளவில் சொல்லிவிட்டனர். மொழிப்பற்றாளர் உள்ளம் உடைந்த காலம் அது. அக்காலத்தை அடுத்து, உரோமப் படைத்தலைவன் மாக்குசிமசு பிரித்தன் தீவை விட்டு நீங்கிய கி.பி. 383-க்கு 1600 ஆண்டு நிறைந்த 1983-இல், தாவித் யூவன் அப்பாட்டை இயற்றினார். ஆங்கிலத்தில் மட்டும் எழுதியிருந்த சாலைப் பலகைகளை அழிக்கும் போராட்டத்தில் 1970-இல் சிறை சென்றவர் அவர். பாட்டு பிறந்து நாற்பதாண்டு நெருங்கிய நிலையில், 2022-இல், உக்கிரேன் ஆட்டத்திற்குமுன் அம் முதியவர் திடலில் நின்று பாடினார். திடலே உடன் பாடியது. கால்பந்துக் கழகம் அதனையே உலகக்கோப்பைக்குரிய தன் பாட்டாக ஏற்றது. பலகையை அழித்ததற்குச் சிறை சென்றவரின் பாட்டு, நாட்டு அணியின் பாட்டாயிற்று!

இங்குச் சிலர் குறுக்கிட்டு, ‘பிரித்தானியா ஒரே நாடுதானே? நான்கு அணிகள் எதற்கு? ஒன்றாகச் சேர்ந்தால் வலிய அணி அமையுமே’ என்பர். ஒற்றுமை என்னும் இனிய சொல்லால் சிற்றினத்தை விழுங்கும் பழைய வழக்குரை இது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு 1904-இல் தோன்றியது. வேல்சுக் கால்பந்துக் கழகமோ 1876-இலேயே தோன்றிவிட்டது. ஆட்டமுறைகளை வகுக்கும் உலக அவையில், எட்டு வாக்குகளில் நான்கு, இங்கிலாந்து, காட்லாந்து, வேல்சு, வட அயர்லாந்து ஆகிய நான்கின் கழகங்களுக்கு இன்றும் உரியன. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் ‘பிரித்தானிய அணி’ ஒன்றை ஆடவிட்டனர். ‘இன்று ஒன்றாக ஆடினால் நாளை நம் தனியணியையே பறிப்பர்’ என்று அஞ்சி வேல்சுக் கழகம் எதிர்த்தது. அந்த ‘வலிய’ அணி வேல்சின் தலைநகராகிய கார்டிபிலேயே, காலிறுதியில், தென்கொரியாவிடம் தோற்றது. பிரித்தானிய ஆடவர் கால்பந்து அணி அதன்பின் ஒலிம்பிக்கில் ஆடவே இல்லை. ஆனால் தனித்து நின்ற வேல்சு அணி, நான்கே ஆண்டில், 2016-இன் ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் பெல்சியத்தை 3-1 என வென்று அரையிறுதி வரை சென்றது. தனித்து நிற்பது வலுக்குறைவு என்போர்க்கு இது விடை.

இதுவரை சொன்னவை பெருமைக்குரியவை. இனிச் சொல்வது கசப்பானது. கசப்பானது என்பதற்காகவே சொல்ல வேண்டியது.

அந்தத் திசம்பர் 6-ஆம் நாள் கணக்கு என்ன சொல்கிறது? மூன்று அகவைக்கு மேற்பட்டோருள் வேல்சு மொழி பேசுவோர் 2011-இல் 19 விழுக்காடு, 2021-இல் 17.8 விழுக்காடு. ஏறத்தாழ 5,62,000 பேராயிருந்தோர் 5,38,000 பேராகக் குறைந்தனர். 1911-இல் இத்தொகை 9,77,000. அன்றைய மக்களில் 43.5 விழுக்காடு. சென்ற பத்தாண்டின் சரிவில் நெஞ்சைச் சுடுவது சிறார் கணக்கு. ஐந்து முதல் பதினைந்து அகவை வரையுள்ளோரில் 40.3 விழுக்காடு 34.3 ஆயிற்று. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்தது ஒரு கரணியமாகலாம் என்பர். அது ஆறுதலா? பள்ளி மூடினால் மொழி குறைகிறது என்றால், அம்மொழி அப் பிள்ளைகளின் வீட்டில் வாழவில்லை என்பதன்றோ பொருள்! ஆசான் வாயில் மட்டும் இருந்து, தாய் வாயில் இல்லாத மொழி எத்தனை நாள் நிற்கும்?

‘இன்னும் இங்கேயே’ என்று திடலில் பாடுகின்றனர். எங்கே? ஆட்டம் முடிந்து வண்டியேறி வீடு திரும்பும்போது அவருட் பலர் எம்மொழியில் பேசுகின்றனர்? மொழியறியாதவரும் அப்பாட்டைச் சொல் பிறழாது கற்றுப் பாடுகின்றனர் என்பது உண்மை. அதனை யாம் எள்ளவில்லை. இழந்ததைத் தேடும் ஏக்கம் அது, மதிக்கத்தக்கது. ஆயினும் வேட்கை வேறு, நீர் வேறு. தொண்ணூறு மணித்துளி இனமாக இருந்துவிட்டு, எஞ்சிய நாளெல்லாம் அயல்மொழியில் வாழும் இனம், கணக்கெடுப்புக் கணக்கில் தேய்ந்துகொண்டே போகும். பாட்டு அதனைத் தடுக்காது.

வேல்சு மொழி எங்கே தோற்றது, எங்கே வென்றது என்று பாருங்கள். 1536-ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தையே வழக்குமன்ற மொழியாக்கியது, அங்கே தோற்றது. 1847-இல் அரசினர் அறிக்கை, அம்மொழியே அம்மக்களின் முன்னேற்றத்திற்குத் தடை என்று பழித்தது. பள்ளியில் தாய்மொழி பேசிய சிறுவனின் கழுத்தில் மரத்துண்டைத் தொங்கவிட்டு இழிவு செய்தனர், அங்கே தோற்றது. 1962 பிப்பிரவரி 13-இல் சாண்டர்சு இலூயிசு, மொழியின் ஊழைப் பற்றி வானொலியில் உரையாற்றினார். அவ்வாண்டே வேல்சு மொழிக் கழகம் பிறந்தது. வேல்சு மொழித் தொலைக்காட்சியைத் தருவதாகச் சொன்ன வாக்கை அரசு மீறியபோது, சாகும் வரை உண்ணாநோன்பு இருப்பேன் என 1980-இல் குவின்வர் எவான்சு அறிவித்தார், அரசு பணிந்தது, 1982 நவம்பர் முதல் நாள் ஒளிபரப்புத் தொடங்கியது. 2011-இல் சட்டம் அம்மொழிக்கு ஆட்சிமொழித் தகுதி தந்தது. 2050-க்குள் பேசுவோர் பத்து நூறாயிரம் ஆகவேண்டும் என்று அரசு குறிக்கோள் வகுத்துள்ளது. பள்ளிப் பிள்ளைகள் யாவரையும் வேல்சு மொழியைத் தாமே கையாள வல்லோராக்கும் நோக்குடன் 2025-இல் சட்டமும் இயற்றியுள்ளது. இவற்றுள் எது ஆட்டத்திடலில் நிகழ்ந்தது? தோல்வியும் பள்ளியிலும் மன்றத்திலும், மீட்பும் அங்கேயே!

‘ஆட்டத்தை ஆட்டமாகப் பாருங்கள், அதன் தலையில் மொழிச்சுமையை ஏற்றாதீர்’ என்பாரும் உளர். அப்படியாயின் அணிக்கு நாட்டின் பெயர் எதற்கு? நாட்டுப்பண் எதற்கு? கொடி எதற்கு? அவற்றை ஏற்றியவர் யாமல்லேம். இனத்தின் பெயரால் ஆடுவோரை, இனத்தின் உயிராகிய மொழி எங்கே என்று கேட்பது மிகையன்று.

தமிழ! வேல்சுக்காரன் கதையை உனக்குச் சொல்வது அவனைப் பழிப்பதற்கன்று. அவன் சாலைப் பலகையில் ஆங்கிலத்தை அழித்ததற்கு முன்பே, 1950-களில், நம் தொடர்வண்டி நிலையப் பலகைகளில் இந்தி எழுத்தின்மேல் கீல் பூசிய இனம் நம் இனம். நாடற்ற நிலையிலும் தமிழீழத்தின் பெயரால் ஓர் அணி, 2014-இல் சுவீடனிலும் 2018-இல் இலண்டனிலும், ஏற்பிசைவு பெறாத இனங்களின் உலகக் கால்பந்துப் போட்டியில் ஆடியிருக்கிறது. ஆக, பாடுவதிலும் முழங்குவதிலும் நாம் அவனுக்கு இளைத்தவரல்லேம். அவனுக்கு நேர்ந்த இரண்டாம் தோல்வியிலும் அவனைத் தொடர்கின்றோமா என்பதே அச்சம். தமிழ்நாட்டில், தமிழைப் பயிற்றுமொழியாகக் கொள்ளாமலே தொடக்கப் பள்ளி முதல் பட்டம் வரை படித்து முடிக்க இயலும். மேடையில் ‘தமிழ் வாழ்க’ என முழங்கிய தந்தையே, மறுநாட் காலையில் மகளை ஆங்கிலவழிப் பள்ளி வாயிலில் விட்டுவருகிறான். நாம் எண்ணிக்கையில் பெரியேம் என்பது காப்பாகாது. 1911-இல் ஏறத்தாழப் பாதியளவாயிருந்தோர் ஒரு நூற்றாண்டில் ஆறிலொரு பங்கினராகத் தேய்ந்ததைக் கண்டோம்.

கால்பந்தில் தோற்ற வேல்சு மக்கள் மீண்டும் ஆடுவர். ஒருநாள் வெல்லவும் வெல்வர். அத்தோல்விக்கு ஓரிரவு வருந்தினால் போதும். அழவேண்டியது மற்றதற்கே. அழுதாலும் போதாது, அது மாற்றத்தக்க தோல்வி. மாற்றுவதற்குப் பேலைப் போன்ற திறமுடையோர் வேண்டா. பதினொருவர் அணியும் வேண்டா. ஒரு தாயும் ஒரு பிள்ளையும் போதும். திடலில் பாடிய வாய் வீட்டிலும் அம்மொழியைப் பேசுக. மேடையில் முழங்கிய வாய் தன் மகனைத் தமிழால் அழைக்க. தன் மகளைத் தமிழ்வழிப் பள்ளியிற் சேர்க்க. ‘இன்னும் இங்கேயே’ என்று சொல்லும் தகுதி அதனாலேயே வரும்.