கையெழுத்துப் போடும் இன்ஜினியருக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

விருத்தாசலத்தில் பீங்கான் ஜாடி வாங்க வரும் வியாபாரி என்ன செய்கிறார்? விரலால் சுண்டிப் பார்க்கிறார். கணீரென்று கேட்டால் எடுக்கிறார். மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல் என்று ஒதுக்குகிறார். விற்பவர் சொந்த மச்சானாக இருந்தாலும் சுண்டாமல் வாங்குவதில்லை. அதே வியாபாரி முப்பது, நாற்பது லட்சம் போட்டு வீடு கட்டும்போது எதைச் சுண்டிப் பார்க்கிறார்? காண்ட்ராக்டரின் முகத்தைத்தான்! 'நம்ம ஆளு, ஏமாத்த மாட்டாரு' என்கிறார்.

சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் குடியிருப்பு சரிந்து தரைமட்டமானது. 61 உயிர்கள் போயின. ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த கூலித் தொழிலாளர்கள்தான் இறந்தவர்களில் ஏராளம். மழை மீதும் இடி மீதும் பழி போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தையும் 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. அதில் வீடு வாங்கப் பணம் கட்டியவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்!

அந்தக் கட்டடத்துக்கு அனுமதி இல்லையா? இருந்தது! சி.எம்.டி.ஏ. அனுமதி பெற்ற கட்டடம்தான். திட்ட அனுமதி என்பது சாலையின் அகலத்தையும், சுற்றிலும் விட வேண்டிய இடத்தையும், மாடிகளின் பரப்பையும் பார்ப்பது. தூணுக்குள் போகும் கம்பியை எண்ணிப் பார்ப்பது அதன் வேலையல்ல. இதை அறியாமல் 'அப்ரூவல் இருக்கு' என்ற ஒரு சொல்லில் நம்மவர்கள் மயங்கிப் போகிறார்கள்.

அரசே கட்டினால் மட்டும் என்ன வாழ்ந்தது? புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் 2021 ஆகஸ்டில், கை வைத்தாலே சிமெண்ட் பூச்சு உதிர்ந்தது. பொறியாளர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்கள் ஆய்வுக்கு வந்தார்கள். எப்போது? ஏழைகள் சட்டி பானையோடு குடியேறிய பிறகு!

சட்டம் இருக்கிறதே?

இருக்கிறது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீடு வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். எவ்வளவு வேலை முடிந்ததோ அவ்வளவுக்குத்தான் பணம் எடுக்கலாம். பொறியாளர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரும் சான்று தர வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த மூவரையும் தேடிப் பிடித்து ஃபீஸ் கொடுப்பது யார்? அதே பில்டர்! கல்லாவில் உட்காரும் கணக்குப்பிள்ளையே ஆள் பிடித்துத் தன் கணக்கைச் சரிபார்க்கச் சொன்னால் எந்த முதலாளி ஒப்புக்கொள்வார்? குடியேறி ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர் செலவில் சரிசெய்ய வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அது விரிசல் கண்ட பிறகு அலையும் உரிமை.

நம் ஊர் வீடுகளுக்கோ அதுவும் இல்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலம், அல்லது எட்டு வீட்டுக்கு மேற்படாத திட்டம் என்றால் பதிவே தேவையில்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனில் உடனடி அனுமதி. முடிவுச் சான்றும் வேண்டாம். லஞ்சத்துக்கு அலைய வேண்டாம் என்பது நிம்மதிதான். ஆனால் அஸ்திவாரம் முதல் மொட்டைமாடி வரை வெளியாள் கண் ஒன்று கூட அந்த வீட்டின் மீது படாது என்பதும் உண்மை.

வங்கிக் கடனில் கட்டுபவர் வீட்டுக்காவது தவணைக்கொரு முறை ஒருவர் வந்து எட்டிப் பார்க்கிறார். அவரும் தளம் போட்டாயிற்றா என்றுதான் பார்ப்பார், தளம் தாங்குமா என்றல்ல. வட்டிக்கு அஞ்சி, வளைகுடாவில் வியர்வை சிந்திய கைப்பணத்தில் கட்டும் நம்மவர் வீட்டுக்கு அந்த ஆளும் வருவதில்லை!

துபாயில் தெரிந்தது ஊரில் மறந்ததேன்?

துபாய் சைட்டுகளில் வேலை பார்த்த சகோதரர்களைக் கேளுங்கள். அங்கே காண்ட்ராக்டர் வேறு, கன்சல்டன்ட் வேறு. கன்சல்டன்டை நியமிப்பது கட்டடத்தின் உரிமையாளர். கம்பி கட்டியதை அவருடைய இன்ஜினியர் வந்து பார்த்துக் கையெழுத்திட்டால்தான் கான்கிரீட் ஊற்ற முடியும். அரபியின் கட்டடத்துக்கு அப்படி உழைத்தவர், தன் பிள்ளைகள் தூங்கப் போகும் வீட்டை வாட்ஸ்அப்பில் வரும் போட்டோவைப் பார்த்தே கட்டி முடிக்கிறார்! போட்டோவில் கம்பி தெரியும். கலவையில் ஊற்றிய தண்ணீரின் அளவு தெரியுமா?

இதற்குப் பெரிய வித்தை வேண்டாம். கான்கிரீட் போடும் அன்றே 15 சென்டிமீட்டர் கனச்சதுரக் கட்டிகள் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, ஏழாம் நாளும் 28ஆம் நாளும் ஆய்வுக்கூடத்தில் அழுத்தி உடைத்துப் பார்க்க வேண்டும். எம்-20 கலவை என்றால் 28ஆம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்கும் பலம் வேண்டும். தூண் கம்பியைச் சுற்றி 40 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். இல்லையேல் ஈரம் ஏறிக் கம்பி துருப்பிடிக்கும். குறைந்தது ஒரு வாரம், கலப்பு சிமெண்ட் என்றால் பத்து நாள், தண்ணீர் விட்டு ஈரம் காக்க வேண்டும். இதையெல்லாம் பார்க்கும் பொறியாளர் காண்ட்ராக்டரின் ஆளாக இருக்கக் கூடாது. உங்களிடம் ஃபீஸ் வாங்கி, உங்களுக்கு எழுத்தில் அறிக்கை தர வேண்டும்.

'வீண் செலவு' என்பார்கள். வாசல் நிலைக்குத் தேக்கு, ஹாலுக்கு கிரானைட், புதுமனை விருந்துக்கு ஐந்நூறு பேர், அதெல்லாம் செலவில்லையா? சிவில் படித்துவிட்டுச் செல்போன் கடையில் நிற்கும் இளைஞர்கள் ஒவ்வொரு ஜமாஅத்திலும் இருக்கிறார்கள். அனுபவமுள்ள ஓர் இன்ஜினியரின் கீழ் இரண்டு பேரை இந்த வேலையில் பழக்க நம் வியாபாரிகளால் முடியாதா?

காண்ட்ராக்டரோடு போடும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: சோதனை ரிப்போர்ட் வந்த பிறகே அடுத்த தவணை. முகம் சுளிப்பார். 'என் மேல நம்பிக்கை இல்லையா பாய்?' என்பார். சுளிக்கட்டும், ரிப்போர்ட்டைக் கேளுங்கள்.