குடியிருப்பு வலயம் குடிகளுக்கே!

பசுபிக் சமுத்திரத்தின் நடுவே, ஐக்கிய அமெரிக்காவின் ஐம்பதாவது மாநிலமாகிய ஹவாயிலே, மவுயி என்றொரு தீவு உண்டு. அத்தீவின் கடலோரத்தில் எழுந்துள்ள உல்லாச அடுக்குமாடி வீடுகளை இரவுக் கணக்கில் உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடலாமா, விடக்கூடாதா என்பது பற்றிச் சில ஆண்டுகளாக அங்கே பெரும் போராட்டம் நடைபெற்று வருகின்றது. செல்வந்தர் தமக்குள் இட்டுக்கொள்ளும் சச்சரவு இது என்று நம்மவர் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுதல் தவறு. ஊரிலே பிறந்து ஊரிலே உழைப்பவனுக்கு அவ்வூரிலே தலைசாய்க்க இடம் உண்டா, இல்லையா என்பதே இவ்விவகாரத்தின் முதல் எழுவினா.

நமக்கும் இதற்கும் தொடர்பு என்ன என்று கேட்போர்க்கும் விடை உண்டு. கனடாவிலும் அமெரிக்காவிலும் குடியேறிய நம் உறவினர் விடுமுறைக்கு இத்தகைய கடற்கரைகளை நாடுகின்றனர். விளம்பரத்திலே படத்தைக் காண்கின்றனர்: கடலை நோக்கிய பலகணி, சமையலறை, நீச்சல் தடாகம், முற்றத்திலே தென்னை. விடுதி அறையிலும் பார்க்க இது குடும்பத்துக்கு வசதி என்று கருதி, ஓரிரவுக்குப் பல நூறு டொலர் செலுத்துகின்றனர். அதில் ஒரு குற்றம் இருப்பதாக அவர்கள் கருதுவதில்லை. அவ்வீடு எந்த வலயத்தில் நிற்கின்றது, அதிலே வாழ்ந்திருக்க வேண்டியவர் யார் என்று எவரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அதனைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

நிலம் கைமாறிய வரலாறு

ஹவாய் மக்கள் நிலமற்றோரானது நேற்று நடந்த செயல் அன்று. 1848ஆம் ஆண்டில் ‘மஹெலே’ என்ற பெரும் பங்கீடு நிகழ்ந்தது. அரசனும் தலைவர்களும் நாட்டின் நிலத்தைத் தமக்குள் வகுத்துக்கொண்டனர். 1850ஆம் ஆண்டில், தான் உழுது பயிரிட்ட நிலத்துக்கு உறுதி பெறும் உரிமை குடியானவனுக்கு அளிக்கப்பட்டது. அதே ஆண்டில் அந்நியரும் நிலம் வாங்கலாம் என்ற சட்டமும் வந்தது. முடிவு யாது? குடியானவர் கையில் சேர்ந்தது மொத்த நிலத்திலே நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சியவற்றுள் மிகுதியும் காலப்போக்கில் கரும்புத் தோட்ட முதலாளிமாரின் கணக்கிலே சேர்ந்தது. உரிமை என்ற சொல்லைச் சட்டப் புத்தகத்திலே எழுதி, அதன் பயனை வேறொருவன் கையிலே கொடுப்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ?

1893ஆம் ஆண்டில் லிலியுஓகலானி அரசியார் ஆட்சியினின்றும் அகற்றப்பட்டார். சதியை முன்னின்று நடத்தியோர் வர்த்தகரும் தோட்டக்காரரும். அமெரிக்கக் கடற்படைச் சிப்பாய்கள் அவ்வேளை கரையிறங்கி நின்றனர். 1898இல் நாடு அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டது. நூறு ஆண்டுகள் கழித்து, 1993இல், அமெரிக்கக் காங்கிரஸ் தன் தவறுக்கு மன்னிப்புக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் வந்தது, நிலம் வரவில்லை.

மவுயியின் மேற்குக் கரையிலுள்ள லஹைனா 1845ஆம் ஆண்டு வரை அந்த இராச்சியத்தின் தலைநகராய் விளங்கியது. மலையருவிகள் பாய்ந்த சேம்பு வயல்களும் ஈரப்பலாத் தோப்புகளும் நிறைந்திருந்த பூமி அது. கரும்பு வந்தபின் அருவிகள் வாய்க்கால்களிலே திருப்பப்பட்டன. சேம்பு வயல் காய்ந்தது. கரும்புத் தோட்டம் செழித்தது. தண்ணீரை இழந்த கமக்காரன் நிலத்தை வைத்திருந்து என்ன செய்வான்? நம் கமக்காரப் பெருமக்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

1960களின் தொடக்கத்தில் அக்கரும்புக் கம்பனியின் கடற்கரை நிலத்திலேயே கானபாலி என்னும் உல்லாச விடுதித் தொகுதி எழுந்தது. அதனைச் சுற்றி அடுக்குமாடி வீடுகள் பெருகின. 1999இல் லஹைனாவின் கரும்பாலை மூடப்பட்டது. தோட்டங்கள் தரிசாயின. பிறநாட்டிலிருந்து வந்த புல் ஆளுயரம் வளர்ந்து கோடையிலே காய்ந்து நின்றது. 2023 ஓகஸ்ட் 8ஆம் நாள் கடுங்காற்றிலே பரவிய தீக்கு அப்புல் இரையாயிற்று. லஹைனா நகரம் வெந்து சாம்பலாயிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன அல்லது சேதமுற்றன. ஏறக்குறைய 12,000 மக்கள் வீடிழந்தனர்.

வீடு இல்லையா? வீடு இருந்தது!

இவ்விடத்திலேதான் வாசகர் கருத்தூன்ற வேண்டும். எரிந்த நகரத்துக்குச் சில மைல் தொலைவில் ஆயிரக்கணக்கான அடுக்குமாடி வீடுகள் பழுதின்றி நின்றன. ஆயினும் ஊரவர் மாதக்கணக்கில் விடுதி அறைகளிலே அகதிகளாய்த் தங்கினர். ஓர் அறையினின்றும் மற்றோர் அறைக்கு மாற்றப்பட்டனர். பலர் தீவைவிட்டே வெளியேறினர். வீடுகள் இரவு வாடகைக்காகக் காத்திருந்தன.

அவ்வாண்டு நவம்பரில் லஹைனா மக்கள் ஒரு காரியம் செய்தனர். ஹவாயிலே கடற்கரை பொதுமக்களுக்குரியது. அங்கே மீன்பிடிப்பதை எவரும் தடுத்தல் இயலாது. அவ்வுரிமையைத் துணைக்கொண்டு, கானபாலி உல்லாச விடுதிகளுக்கு நேர் எதிரே மணலிலே தூண்டிற்கோல்களை நட்டு, கூடாரம் இட்டு இரவும் பகலும் அமர்ந்தனர். அவர்கள் கோரியது மீனன்று, வீடு. கல்லெறியவில்லை, கதவுடைக்கவில்லை. மூதாதையர் விட்டுச்சென்ற உரிமையொன்றைக் கையிலேந்தி அறவழியிலே போராடினர். அப்போராட்டத்தைப் போற்றுகின்றோம்.

ஓர் அபிப்பிராயம் உரிமையான விந்தை

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். மவுயியிலே விடுதிகளுக்கென வகுக்கப்பட்ட வலயம் ஒன்று. அடுக்குமாடிக் குடியிருப்புக்கென வகுக்கப்பட்ட வலயம் மற்றொன்று. பின்னையதில் உல்லாசப் பயணிகளுக்குக் குறுங்கால வாடகைக்கு விடுதல் கூடாது என்பது பொதுவிதி. ஆனால் 2001ஆம் ஆண்டில், மாவட்ட நிருவாகத்தின் சட்டத்துறையிலே பணியாற்றிய மினட்டோயா என்பார் ஒரு சட்ட அபிப்பிராயம் வழங்கினார். விதி இறுக்கப்படுமுன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு அவ்விதி பொருந்தாது என்பது அதன் சாரம். அதன் வழியே விலக்குப் பெற்ற வீடுகள் ஏறக்குறைய ஏழாயிரம். ‘மினட்டோயா பட்டியல்’ என்றே அவற்றுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. பின்னர் அவ்விலக்கு மாவட்டச் சட்டத்திலும் இடம்பெற்றது. இவ்வீடுகளிற் பெரும்பாலானவை மவுயியில் வசியாதோரின் உடைமை.

சட்டம் பயின்றோர் என்ற முறையில் ஒன்று சொல்வோம். அபிப்பிராயம் என்பது சட்டத்தைப் பொருள்கொள்ளும் ஒரு முயற்சி. சலுகை என்பது பொது நன்மை கருதிப் பொறுத்துக்கொள்ளப்படும் ஒன்று. இவ்விரண்டும் நாட்பட்டுப்போன காரணத்தால் ஊராரின் இருப்பிட உரிமையை வெல்லும் பிறப்புரிமை ஆகிவிடுமோ? விலக்கை வழங்கிய மன்றமே அவ்விலக்கை நீக்கவும் வல்லது.

2024 மே மாதத்தில் ஹவாய் ஆளுநர் கிறீன் ஒப்பமிட்ட சட்டம், குறுங்கால வாடகையைப் படிப்படியாக ஒழிக்கும் அதிகாரம் மாவட்டங்களுக்கு உண்டென ஐயந்திரிபற உரைத்தது. அதே மாதத்தில் மவுயி முதல்வர் பிஸ்ஸன் அதற்கான மசோதாவை முன்மொழிந்தார். நீண்ட விசாரணைகளின் பின்னர், 2025 டிசம்பரில் ‘ஒன்பதாம் மசோதா’ சட்டமாயிற்று. மேற்கு மவுயியில் 2029ஆம் ஆண்டு தொடங்கியும், தீவின் ஏனைய பகுதிகளில் 2031ஆம் ஆண்டு தொடங்கியும், அடுக்குமாடிக் குடியிருப்பு வலயத்திலே இரவு வாடகை இல்லை.

எதிர்ப்போர் வாதங்கள்

“எம் ஆதனத்தைப் பறிக்கின்றனர்” என்பது முதலாவது வாதம். எதைப் பறித்தனர்? வீடு உடையவனிடமே இருக்கின்றது. அவன் அதில் வாழலாம், ஊரவனுக்கு நீண்டகால வாடகைக்கு விடலாம், விற்கலாம், மக்களுக்கு முதுசமாய்க் கொடுக்கலாம். இரவுக்கு இரவு ஆளை மாற்றும் வியாபாரம் ஒன்றே தடுக்கப்பட்டது. அதனையும் நாளைக் காலையிலே நிறுத்து என்று எவரும் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளும் ஐந்து ஆண்டுகளும் தவணை கொடுத்துள்ளனர். வீட்டை இழந்த லஹைனா மக்களுக்குத் தீ தவணை கொடுத்ததோ?

“தொழில் போகும், வரி போகும்” என்பது இரண்டாவது வாதம். இதனை நாம் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பொருளாதார ஆய்வு நிலையம் 2025இல் வெளியிட்ட கணிப்பின்படி, ஏறக்குறைய 1,900 வேலைகள் குறையலாம். மாவட்டத்தின் வரி வருமானமும் சுருங்கும். அது மெய்யான இழப்பு. அதற்குப் பரிகாரம் தேடவேண்டியது அரசின் கடமை. ஆனால் அதே ஆய்வு கூறும் மறுபக்கத்தை இவ்வாதக்காரர் மறைப்பது ஏன்? நிரந்தரக் குடியிருப்புக்கான வீடுகள் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு பெருகும். அடுக்குமாடி வீட்டின் விலை நூற்றுக்கு இருபது தொடக்கம் நாற்பது பங்கு வரை இறங்கும். விடுதி வலயத்து விடுதிகள் ஒன்றும் மூடப்படவில்லை. உல்லாசப் பயணி வரலாம், தங்கலாம். படுக்கை விரிப்பவளும், சமைப்பவனும், நோயாளியைப் பராமரிக்கும் தாதியும், பள்ளி ஆசிரியனும் குடியிருக்க இடமின்றித் தீவைவிட்டுப் போய்விட்டால், அந்த உல்லாசத்தொழிலைத் தாங்குவோர் யார்?

“அவ்வீடுகள் சிறியவை, பழையவை, மாதப் பராமரிப்புக் கட்டணம் அதிகம், ஊரவருக்கு உதவா” என்பது மூன்றாவது வாதம். சில கட்டடங்களைப் பொறுத்த அளவில் இதிலே உண்மை உண்டு. ஒரு சட்டத்தினாலே எல்லோருக்கும் வீடு கிடைத்துவிடும் என்று நாமும் கூறவில்லை. புதிய வீடுகள் கட்டப்படவேண்டும். தண்ணீர்ப் பங்கீடு சீர்ப்படவேண்டும். ஆனால், சிறிய வீடு ஊரவனுக்கு உதவாது என்று தீர்ப்பளிக்க, தொலைவிலுள்ள உரிமையாளனுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? விடுதி அறையிலே பிள்ளைகளோடு பல மாதம் கிடந்த தாயைக் கேட்டுப் பாருங்கள். சிறிய வீட்டின் அருமையை அவள் சொல்வாள்.

விலக்கு விதியை விழுங்கலாகாது

இப்போது எச்சரிக்கை ஒன்று. சட்டம் நிறைவேறுமுன்னரே, பட்டியலிலுள்ள கட்டடங்கள் பலவற்றைப் புதிய விடுதி வலயங்களாக மாற்றி, அங்கே இரவு வாடகையைத் தொடரவிடும் யோசனையும் சபையிலே எழுந்துவிட்டது. தொடக்கம் முதலே விடுதிகளாய் இயங்கிய சில கட்டடங்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து முடிவு செய்தல் நியாயமே. ஆனால் கட்டடங்களைக் கட்டுக்கட்டாகக் கட்டிப் பெயரை மட்டும் மாற்றுவது, முன்வாசலால் வெளியேற்றிய விருந்தாளிக்குப் பின்வாசலைத் திறந்துவிடும் வேலை. 2001இல் ஒரு விலக்கினால் ஏழாயிரம் வீடுகள் போயின. இன்னொரு விலக்கு எத்தனையை விழுங்கும்? மவுயி மக்கள் கண்ணுறங்கலாகாது. சட்டம் நிறைவேறிய நாளன்று கைதட்டிவிட்டு வீடு திரும்பும் மக்கள், ஐந்தாண்டு கழித்து வெறுங்காகிதத்தையே கையிலே காண்பர்.

2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஹவாய்ப் பூர்வ குடிகளிற் பாதிக்கு மேற்பட்டோர் ஹவாய்க்கு வெளியே வாழ்கின்றனர். சொந்த நாட்டிலே வாழ இயலாமல் பாலைவன நகரங்களிலே கூலி தேடிப் போன மக்களும் அவர்களுள் அடங்குவர். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியைத் துரத்திய கதை இதுவன்றோ?

தமிழ்ப் பெருமக்களே! பயணம் போவதைப் பாவம் என்று நாம் சொல்ல வரவில்லை. உழைத்துக் களைத்தவன் கடற்காற்று வாங்குவதை யார் தடுப்பர்? போகின்றவர் விடுதி வலயத்திலுள்ள விடுதியிலே தங்கட்டும். வீடொன்றை வாடகைக்கு எடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்: இது எந்த வலயத்திலுள்ளது? எந்த அனுமதியின் கீழ் விடப்படுகின்றது? இதன் உரிமையாளன் இவ்வூரில் வாழ்கின்றானா? நேரான விடை கிடையாத இடத்திலே நம் பணத்தைக் கொடுக்கக் கூடாது. இரவு வாடகைக்கு ஆள் உள்ளவரை, ஊரவன் வாடகைக்குப் பெறமுடியாத வீடும் இருக்கும்.

நிலம் போனதும், தண்ணீர் போனதும், நாடு போனதும் அம்மக்கள் கண்முன்னே நடந்தவை. ஒவ்வொரு தடவையும் அதற்கொரு சட்டம் துணைநின்றது. இம்முறையேனும் சட்டம் அவர்கள் பக்கம் நிற்கின்றது. 2029 ஜனவரி வரை அது தேயாமல் நிற்க வேண்டும். விருந்தாளிகளாய்ப் போகும் நம்மவர் அதனைத் தேய்க்கும் கைகளாய் இருத்தலாகாது.