புற்று நோய்க்கு இரட்டை ஊசி: கட்டி சுருங்கினால் ஆயுள் நீளுமா?

ஜவளகிரியில் ராகி முற்றும் காலத்தில் இரவில் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை.

பன்னார்கட்டா காட்டில் இருந்து யானைக் கூட்டம் வரும். பரண் மீது இருப்பவர் முதலில் பார்ப்பார். குரல் கொடுப்பார். தப்பட்டை அடிப்பார். ஊர் எழுந்து ஓடி வரும்.

நம் உடம்பிலும் இப்படி ஒரு காவல் இருக்கிறது. ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களே காவல்காரர்கள். கிருமி நுழைந்தாலும், உடம்பின் அணு ஒன்று கெட்டுப் புற்றாக மாறினாலும், அவை ஒன்றுக்கு ஒன்று சைகை கொடுக்கின்றன. அந்தச் சைகைப் பொருள்களுக்கு "சைட்டோகைன்" என்று பெயர்.

அந்தச் சைகையை ஊசி மூலம் உடம்பில் ஏற்றினால், புற்று நோயை விரட்டலாமா? ஒன்றுக்குப் பதில் இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால், பலன் இரண்டு மடங்கு ஆகுமா?

டாக்டர்கள் பல ஆண்டுகள் விடை தேடிய கேள்வி இது. கிடைத்த விடை, இன்று தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கத்துக் குடும்பங்களுக்கும் தேவைப்படுகிறது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2024 ஜூலையில் வந்த மத்திய பட்ஜெட்டில், 3 புற்று நோய் மருந்துகளுக்கு இறக்குமதி வரி நீக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல், 33 உயிர் காக்கும் மருந்துகளுக்குச் சரக்கு, சேவை வரி அடியோடு நீக்கப்பட்டது. துர்வாலுமாப், அடிசோலிசுமாப், அவெலுமாப் ஆகியவை இந்தச் சலுகைகளைப் பெற்ற மருந்துகள். மூன்றும் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசிகள்.

வரி நீங்கியது நல்லது. ஆனால் வரி போனாலும் விலை மலை போல நிற்கிறது. ஊசிக்காக நிலத்தை விற்கலாமா, நகையை அடகு வைக்கலாமா என்று ஒரு குடும்பம் கூடிப் பேசும்போது, கையில் உண்மை இருக்க வேண்டும்.

முதல் சைகை

1957ல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மான் என்ற 2 விஞ்ஞானிகள் ஒரு பொருளைக் கண்டுபிடித்தார்கள். வைரஸ் கிருமி தாக்கிய அணு, பக்கத்து அணுக்களை எச்சரிக்க வெளியிடும் பொருள் அது. அதற்கு "இன்டர்பெரான்" என்று பெயர் வைத்தார்கள்.

1976ல் அமெரிக்காவில் இன்னொரு பொருள் கிடைத்தது. அது காவல் அணுக்களைப் பல மடங்காகப் பெருக்கியது. அதற்கு "இன்டர்லூக்கின்-2" என்று பெயர் வந்தது.

இந்த இரண்டையும் முக்கியமாக 2 வியாதிகளில் சோதித்தார்கள். ஒன்று, முற்றிய சிறுநீரகப் புற்று. மற்றொன்று, மெலனோமா. அதாவது, தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்களில் வரும் கரும்புற்று.

இந்த இரண்டையும் ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? புற்று நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளுக்கு இவை பணியவில்லை. ஆனால் மிக அபூர்வமாகச் சிலருக்கு இவை தாமாகவே சுருங்கியது உண்டு. உடம்பின் காவல் சக்திதான் அதைச் செய்திருக்க வேண்டும் என்று டாக்டர்கள் எண்ணினார்கள்.

அவர்கள் எண்ணம் வீண் போகவில்லை. இன்டர்லூக்கின்-2 மருந்தை மிக அதிக அளவில் கொடுத்தபோது, சிறுநீரகப் புற்று நோயாளிகளில் 100க்கு சுமார் 15 பேருக்குக் கட்டி சுருங்கியது. சுமார் 7 பேருக்கு அடியோடு மறைந்தது. மறைந்தவர்களில் பலருக்கு ஆண்டுக் கணக்கில் திரும்பி வரவில்லை. அமெரிக்க அரசு 1992ல் சிறுநீரகப் புற்றுக்கும், 1998ல் மெலனோமாவுக்கும் இதை அனுமதித்தது.

ஆனால் ஆபத்தும் பெரிது. காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. ரத்த அழுத்தம் விழுந்தது. ரத்தக் குழாய்களில் இருந்து நீர் கசிந்து உடம்பு வீங்கியது. அந்த ஆரம்பச் சோதனைகளில் 100க்கு 4 பேர் சிகிச்சையின் விளைவாலேயே இறந்தார்கள். தப்பட்டைச் சத்தத்தில் ஊரே மிரண்டு ஓடி, பயிரைத் தானே மிதித்தது போல ஆயிற்று.

இரண்டையும் சேர்த்தபோது

"அப்படியானால் அளவைக் குறைத்து, இரண்டு ஊசிகளையும் சேர்த்துப் போடுவோம்" என்று டாக்டர்கள் முயன்றார்கள்.

பிரான்சு நாட்டில் நடந்த பெரிய சோதனையின் முடிவு 1998ல் வெளியாயிற்று. முற்றிய சிறுநீரகப் புற்று கொண்ட 425 பேரை 3 பிரிவாகப் பிரித்தார்கள். இன்டர்லூக்கின்-2 மட்டும் பெற்றவர்களில் 100க்கு 6 அல்லது 7 பேருக்குக் கட்டி சுருங்கியது. இன்டர்பெரான் மட்டும் பெற்றவர்களில் 7 அல்லது 8 பேர். இரண்டையும் பெற்றவர்களில் 18 அல்லது 19 பேர்!

இரண்டு மடங்குக்கு மேல் பலன் என்று தோன்றுகிறது அல்லவா?

இங்கேதான் கவனிக்க வேண்டும். உயிர் வாழ்ந்த காலத்தைக் கணக்கிட்டார்கள். 3 பிரிவுக்கும் இடையே உறுதியான வித்தியாசம் இல்லை. கட்டி சுருங்கியது, ஆயுள் நீண்டதாக நிரூபிக்க முடியவில்லை. உடம்புபட்ட வேதனை மட்டும் கூடியது.

2010ல் பிரிட்டனும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்து 1,006 பேரிடம் நடத்திய சோதனை வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு இன்டர்பெரான் மட்டும். மறு பிரிவுக்கு அதனுடன் இன்டர்லூக்கின்-2ம் இன்னொரு புற்று மருந்தும். இரண்டு பிரிவிலும் பாதிப் பேர் உயிருடன் இருந்த காலம் ஏறக்குறைய ஒன்றே: சுமார் ஒன்றரை ஆண்டு.

மெலனோமாவிலும் இரட்டை ஊசி கைகொடுக்கவில்லை. 1993ல் அமெரிக்காவில் 85 பேரிடம் செய்த சோதனையில், இரண்டையும் சேர்த்ததால் நிச்சயமான பலன் கிடைக்கவில்லை.

கட்டைப் பிரித்து விட்டார்கள்!

பிறகு ஓர் உண்மை தெரிந்தது. காவல்காரன் தூங்கவில்லை. புற்று அவன் கையைக் கட்டிப் போட்டிருந்தது! கை கட்டப்பட்டவனிடம் எத்தனை தப்பட்டை அடித்து என்ன பயன்?

அந்தக் கட்டை அவிழ்க்கும் வழிக்கு அடிகோலிய அமெரிக்கர் ஜேம்ஸ் ஆலிசன், ஜப்பானியர் தசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வகையில் "நிவோலுமாப்", "இபிலிமுமாப்" என்ற 2 ஊசிகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். முற்றிய மெலனோமா நோயாளிகளில் 100க்கு 43 பேர் 10 ஆண்டுக்குப் பின்னும் உயிருடன் இருந்தார்கள். இது 2024ல் வெளியான கணக்கு. முற்றிய சிறுநீரகப் புற்றிலும் இந்தச் சேர்க்கை ஆயுளை நீட்டியது.

பழைய சைகை மருந்தை இந்தப் புது ஊசியுடன் சேர்த்தால் இன்னும் நல்லதா? இன்டர்லூக்கின்-2ஐ மாற்றி அமைத்து, நிவோலுமாபுடன் சேர்த்துச் சோதித்தார்கள். ஆரம்பத்தில் பெரிய நம்பிக்கை எழுந்தது. 2022ல் மெலனோமா, சிறுநீரகப் புற்று இரண்டிலும் அது தோற்றது.

ஆனாலும் சைகை மருந்துகளின் கதை முடியவில்லை. 2024ல் அமெரிக்கா 2 சிகிச்சைகளை அனுமதித்தது. ஒன்றில், மெலனோமா நோயாளியின் கட்டியில் இருந்தே காவல் அணுக்களை எடுத்து, வெளியே பெருக்கி, மீண்டும் ஏற்றுகிறார்கள். பிறகு இன்டர்லூக்கின்-2 கொடுக்கிறார்கள். மற்றொன்றில், ஒரு வகை மூத்திரப்பைப் புற்றுக்கு, சைகை மருந்தைப் பி.சி.ஜி.யுடன் சேர்த்துக் கொடுக்கிறார்கள். குழந்தைகளுக்குக் காசநோய் வராமல் தடுக்கப் போடுகிறோமே, அதே பி.சி.ஜி.தான்.

ஏழைக்கு எட்டுமா?

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல முயற்சி நடந்தது. மும்பை டாட்டா நினைவு ஆஸ்பத்திரி டாக்டர்கள், முற்றிய தலை, கழுத்துப் புற்று நோயாளிகளுக்கு நிவோலுமாபை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 3 வாரத்துக்கு 20 மில்லிகிராம் மட்டும், மலிவான மாத்திரைகளுடன் சேர்த்துக் கொடுத்தார்கள். ஊசி பெறாதவர்களில் 100க்கு 16 பேர் ஓர் ஆண்டைக் கடந்தார்கள். பெற்றவர்களில் 43 பேர் கடந்தார்கள். 2022ல் இந்த முடிவு வெளியாயிற்று.

இது தலை, கழுத்துப் புற்றில் கிடைத்த பலன். சிறுநீரகப் புற்றுக்கும் இப்படியே ஆகும் என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. ஆனால் குறைந்த அளவும் வேலை செய்யக்கூடும் என்று காட்டியது பெரிய காரியம். இத்தகைய சோதனைகளுக்குச் சர்க்கார் பணம் ஒதுக்க வேண்டும். வரிச் சலுகையைவிட அது ஏழைக்கு அதிகம் உதவும்.

நாம் செய்ய வேண்டியது

முற்றிய பின் விலை உயர்ந்த ஊசியைத் தேடுவதைவிட, முதலிலேயே கண்டுபிடிப்பது மேல். ஆரம்பத்தில் கண்டால், இரண்டு நோயையும் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையாலேயே குணப்படுத்தலாம்.

வலி இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போனால், ஒரு முறை போய் நின்றாலும் அலட்சியம் கூடாது. புகை, ரத்தக் கொதிப்பு, அதிக உடல் பருமன் ஆகியவை சிறுநீரகப் புற்றுக்கு வழி செய்யும். உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும் டிரைகுளோரோஎத்திலீன் என்ற திரவமும் சிறுநீரகப் புற்றை உண்டாக்கும் என்று உலகப் புற்று நோய் ஆராய்ச்சி அமைப்பு முடிவு செய்திருக்கிறது. அந்தத் திரவம் புழங்கும் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள் அதன் ஆவியைச் சுவாசிக்காமல் காக்கப்பட வேண்டும்.

மெலனோமா நம்மவர்களுக்கு அபூர்வம். வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடியில் வரும். இந்த வகை, புது ஊசிகளுக்கும் அவ்வளவாகப் பணிவதில்லை. காலில் வளரும் கரும்புள்ளியை, முள் குத்திய தழும்பு என்று விட்டுவிடாதீர்கள்.

கிருஷ்ணகிரியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. பெங்களூரில் கித்வாய் புற்று நோய் நிலையம் இருக்கிறது. சென்னையில் 1954ல் தொடங்கிய அடையாறு புற்று நோய் நிலையம் இருக்கிறது. முதல் அமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், எல்லை தாண்டும் முன், போகும் ஆஸ்பத்திரியில் அது செல்லுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

யாராவது "புது ஊசி" என்று சொன்னால், டாக்டரிடம் 3 கேள்வி கேளுங்கள்.

இந்த ஊசி கட்டியைச் சுருக்குமா, ஆயுளையும் நீட்டுமா?

எங்களுக்கு வந்திருக்கும் இதே நோய்க்கு இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

எத்தனை மாதம் போட வேண்டும்? மொத்தச் செலவு என்ன?

இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல டாக்டர் உட்கார வைத்துப் பதில் சொல்வார். நிலப் பத்திரத்தைப் பெட்டியில் இருந்து எடுப்பதற்கு முன்பே, அந்தப் பதிலைக் கேட்டுவிடுங்கள்.