கிளையா, உறுப்பா? தூர்தர்ஷன் கட்டமைப்பும் ஏலமலைத் தொழிலாளர்களும்

1989 செப்டம்பர் 11 அன்று, பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதே மாதத்தில்தான் போடிநாயக்கனூர் வட்டாரம் சாதிக் கலவரத்தில் எரிந்தது. அன்று இந்தியாவில் இருந்த ஒரே தொலைக்காட்சி தூர்தர்ஷன். அதுவும் ஒன்றிய அரசின் ஒரு துறையாகவே இயங்கியது. சரியாக ஓராண்டும் ஒரு நாளும் கழித்து, 1990 செப்டம்பர் 12 அன்று, அந்தத் தூர்தர்ஷனையும் வானொலியையும் அரசின் பிடியிலிருந்து விடுவிப்பதாகச் சொன்ன பிரசார் பாரதி சட்டம் ஒப்புதல் பெற்றது. நடைமுறைக்கு வர மேலும் ஏழாண்டுகள் ஆயின என்பது தனிக்கதை.

முதல் சட்டத்தை நாம் அன்றாடம் கையில் எடுக்கிறோம். இரண்டாவது சட்டத்திலும் தீண்டாமை என்னும் சொல் இடம்பெற்றிருப்பது வழக்கறிஞர்களிலேயே பலருக்குத் தெரியாது. அதன் 12(2) பிரிவின் எச் கூறு, சமூகநீதியை வளர்ப்பதையும், சுரண்டல், ஏற்றத்தாழ்வு, தீண்டாமை ஆகியவற்றை எதிர்ப்பதையும் பொது ஒளிபரப்பின் நோக்கங்களில் ஒன்றாக வைக்கிறது. ஐ கூறு உழைக்கும் வர்க்கத்தின் உரிமைகளைப் பேசுகிறது. ஜே கூறு கிராமப்புற மக்களையும் நலிந்த பிரிவினரையும் எல்லைப்புற, பின்தங்கிய, தொலைதூரப் பகுதிகளில் வாழ்வோரையும் குறிப்பிடுகிறது. கே கூறு சிறுபான்மையினர், பழங்குடியினரின் தனித்தேவைகளைச் சொல்கிறது.

இந்த நான்கு கூறுகளையும் போடியில் அமர்ந்து படித்தால் நம் ஊரை மனத்தில் வைத்தே எழுதினார்களோ என்று தோன்றும். விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்குப் போய் மாலையில் திரும்பும் பெண்களில் தலித்துகள் ஏராளம். நகரின் கிட்டங்கிகளில் காய் தரம்பிரிப்பவர்களும் பெண்களே. மலைச்சரிவுகளில் பளியர்களும் முதுவர்களும் வாழ்கிறார்கள். சுரண்டல், தீண்டாமை, உழைப்பு, எல்லை, பழங்குடி என்று சட்டம் அடுக்கும் எல்லாமே இருபது, முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. இல்லாதது ஒன்றுதான்: அந்தச் சட்டத்தால் உருவான நிறுவனத்தின் கண்.

இதை ஊழியர்களின் அலட்சியம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. சிக்கல் கட்டமைப்பில் இருக்கிறது. பொதுத் தொலைக்காட்சி ஒன்று தன் உள்ளூர் நிலையங்களோடு கொள்ளும் உறவு இருவகைப்படும். நிலையங்கள் சேர்ந்து வலையமைப்பை உருவாக்குவது ஒன்று; வலையமைப்பு தன் வசதிக்கு நிலையங்களை நிறுவிக்கொள்வது மற்றொன்று. ஜெர்மனியின் ஏ.ஆர்.டி. முதல் வகை. நாஜிகள் வானொலியை ஒரே மையத்தில் குவித்து நடத்திய கொடுமையைக் கண்டபின், 1950இல் வட்டார ஒலிபரப்பு நிறுவனங்கள் ஒன்றுகூடி அதை அமைத்தன. இன்று அதில் ஒன்பது வட்டார நிறுவனங்கள் உள்ளன. அமெரிக்காவின் பி.பி.எஸ். அமைப்பிலும் உள்ளூர் நிலையங்களே உறுப்பினர்கள். உரிமம் அவற்றின் கையில் இருக்கிறது. சந்தா கட்டி நிகழ்ச்சிகளைப் பெறுகின்றன. உள்ளூருக்கானதைத் தாமே தயாரிக்கின்றன. அதை இலட்சிய வடிவம் என்று கொண்டாட வேண்டியதில்லை. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒளிபரப்புக்கான சுமார் 110 கோடி டாலர் நிதியைத் திரும்பப் பெற்றபோது, பழங்குடி மக்களுக்கும் ஊரகங்களுக்கும் பணிசெய்யும் சிறு நிலையங்கள்தாம் முதலில் ஆட்டம் கண்டன. ஆயினும், தனக்கென ஒரு நிலையம் இருந்த ஊரால், அது போகிறது என்று குரலெழுப்பவாவது முடிந்தது.

தூர்தர்ஷன் முழுக்க இரண்டாவது வகை. 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய சென்னை நிலையம் பிரசார் பாரதியின் உறுப்பு அன்று, கிளை. நிதி, பணியிடம், இடமாற்றம் எல்லாம் தில்லியின் முடிவு. நிறுவனத்தின் வாரியத்தைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு வரையறுக்கிறது: தலைவர், முழுநேர உறுப்பினர்கள், ஆறு பகுதிநேர உறுப்பினர்கள், இரு தலைமை இயக்குநர்கள், அமைச்சகத்தின் பிரதிநிதி ஒருவர், ஊழியர் பிரதிநிதிகள் இருவர். மாநிலங்களுக்கென்று ஓர் இருக்கை இல்லை. நிலையங்களுக்கும் இல்லை. பட்டியலினத்தவர், பழங்குடியினர் என்ற சொற்கள் அந்தப் பிரிவில் தலைகாட்டவே இல்லை. 12ஆம் பிரிவில் நம்மைக் காக்கச் சொன்ன சட்டம், 3ஆம் பிரிவில் நம்மை வாசலோடு நிறுத்திவிடுகிறது.

இதன் விளைவை மொழி விவகாரத்தில் எல்லோரும் பார்த்தார்கள். மாநில மொழி அலைவரிசைகள் நாள்தோறும் 15 நிமிடம் சமஸ்கிருதச் செய்தி ஒளிபரப்ப வேண்டும் என்று 2020 நவம்பரில் தில்லியிலிருந்து உத்தரவு வந்தபோது, மறுக்கும் அதிகாரம் சென்னை நிலையத்துக்கு இல்லை. தமிழ்நாட்டுக் கட்சிகள் உரக்கக் கண்டித்தன, கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த 15 நிமிடம் தேனிக்கோ நீலகிரிக்கோ ஏன் அதுவரை ஒதுக்கப்படவில்லை என்று கேட்ட கட்சி எது? 2024 ஜனவரி 19 அன்று பொதிகை என்ற பெயரும் ‘டிடி தமிழ்’ என்று மாறியது. அந்த அலைவரிசையில் எஞ்சியிருந்த ஒரே மலையும் அத்தோடு போயிற்று.

கிளை அமைப்பின் இன்னொரு விளைவு இதைவிடக் கொடியது. நிலையங்கள் மாநில வாரியாகப் பிரிந்து கிடப்பதால், எல்லைமலையின் மனிதர்கள் இரண்டுக்கும் நடுவே விழுகிறார்கள். போடித் தொழிலாளியின் வீடு சென்னை நிலையத்தின் எல்லையில். அவர் வேலைசெய்யும் தோட்டம் திருவனந்தபுரம் நிலையத்தின் எல்லையில். 2020 பொதுமுடக்கத்தில் எல்லை மூடப்பட்டு, அனுமதிச் சீட்டு விதிகள் மாறிக்கொண்டேயிருந்தபோது, தமிழ்நாட்டின் விதி தமிழிலும் கேரளத்தின் விதி மலையாளத்திலும் சொல்லப்பட்டன. இரண்டையும் சேர்த்து, மலைக்கு வேலைக்குப் போகலாமா கூடாதா என்று தமிழில் சொல்ல வேண்டிய கடமை எந்த நிலையத்துக்கும் வகுக்கப்படவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 6 இரவு. போடிமெட்டைத் தாண்டி மூணாற்றுக்கும் அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் லயங்களை மூடியது. இறந்தோர் 70 பேர். பெரும்பாலோர் கயத்தாறு வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ் தலித் குடும்பத்தினர். மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்ததால் மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குச் செய்தி எட்டியது. அன்றிரவே கோழிக்கோட்டில் விமான விபத்து. கேமராக்கள் அங்கே பறந்தன. விமானத்தில் இறந்தோர் குடும்பத்துக்கு 10 இலட்சம், லயத்தில் இறந்தோர் குடும்பத்துக்கு 5 இலட்சம் என்று கேரள அரசு அறிவித்த வேறுபாட்டை நாம் மறந்துவிடக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றத்துக்கு வந்த நகரத்து இளைஞர்கள் சிக்கியபோது போடி நாடெங்கும் திரையில் தெரிந்தது. தெரிந்ததில் தவறில்லை. அந்தத் தீயில் முதலில் மேலேறி மீட்டவர்கள் உள்ளூர் மக்கள். அவர்களுடைய அன்றாடம் அதற்கு முன்னும் பின்னும் எந்தத் திரையிலும் இல்லை.

ஏலக்காயின் விலையோ வேறு கதை. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் புற்றடியிலும் நடக்கிறது. அன்றைய சராசரி விலை அன்றே ஊரறிய வெளியாகிறது. தோட்டத்துக் கூலி இந்த மாதம் என்ன, சட்டப்படி எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லும் பொது ஊடகம் இல்லை. ‘வயலும் வாழ்வும்’ காலம் தொட்டே நம் வேளாண் ஒளிபரப்பு நிலம் உடையவரை நோக்கிப் பேசிப் பழகியது. பூச்சிக்கு மருந்து சொல்லும். அந்த மருந்தை அடிப்பவரின் நுரையீரலைப் பற்றிப் பேசாது.

தொழில்நுட்பமும் மையத்தின் பக்கமே சாய்ந்துவிட்டது. கொடைக்கானல் கோபுரம் வந்த காலத்தில், அதுவரை உயரமான கம்பியில் ஆண்டெனா கட்டி இலங்கையின் ரூபவாகினியைப் பிடித்துக்கொண்டிருந்த வீடுகள் தூர்தர்ஷனுக்குத் திரும்பின. அந்தக் கோபுரம் பெரும்பாலும் சென்னையையும் தில்லியையும் அஞ்சல் செய்தது என்பதும் உண்மை. ஆனால் ஒரு வட்டாரத்துக்கு மட்டுமான ஒளிபரப்புக்கு அதில் வழி இருந்தது. நாட்டின் முக்கிய இடங்களில் ஏறத்தாழ 50ஐ மட்டும் விட்டுவைத்து, மற்ற பழைய தரைவழி ஒளிபரப்பிகளை 2022 மார்ச் 31க்குள் மூடிவிட பிரசார் பாரதி முடிவெடுத்தது. பதிலாக இருப்பது 2004 டிசம்பரில் தொடங்கிய இலவச டிஷ் சேவை. செயற்கைக்கோளிலிருந்து காஷ்மீருக்கும் கொட்டகுடிக்கும் ஒரே கற்றைதான் இறங்குகிறது. போடிக்கென்று தனியாக எதையும் அதில் நுழைக்க முடியாது. அதன் இடங்களைத் தனியார் அலைவரிசைகள் ஏலத்தில் எடுக்கின்றன. போடிக்காரர்களுக்கு ஏலம் என்ற சொல்லின் இரண்டு பொருளும் பழக்கம்தான்.

வானொலியில் இன்னும் வழி அடைபடவில்லை. கொடைக்கானல் பண்பலை 100.5இல் இந்தச் சரிவுகளில் கேட்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளத்தில் ஒரு நிலையம் உண்டு. தனியார் பண்பலைகளும் சமுதாய வானொலிகளும் சொந்தமாகச் செய்தி வாசிக்க இந்தியாவில் அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியை மட்டுமே எடுத்தாளலாம். வானலைகள் பொதுச்சொத்து என்று 1995இல் வங்கக் கிரிக்கெட் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் நீடிக்கும் தடை இது. பிறரைப் பேசவிடாமல் வைத்திருக்கும் நிறுவனம், தானாவது பேசியாக வேண்டும். கொடைக்கானலும் தேவிகுளமும் இணைந்து தோட்டத் தொழிலாளருக்காக நாளொன்றுக்கு அரை மணி நேரத் தமிழ் ஒலிபரப்பை நடத்துவதற்குப் புதிய கோபுரம் வேண்டியதில்லை. இரு மாநில எல்லையைத் தாண்டி ஒரு நிர்வாக ஆணை போதும்.

அதைக் கேட்பதற்கு முன் நமக்குக் கணக்கு வேண்டும். தேனி, போடி, உத்தமபாளையம் கல்லூரி மாணவர்கள் இதைத் தொடங்கலாம். பிரசார் பாரதிக்குத் தகவல் உரிமை மனு அனுப்பக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அதுவும் இல்லை. கடந்த மூன்று ஆண்டுகளில் தேனி மாவட்டத்திலிருந்து ஒளிபரப்பான செய்திகள் எத்தனை? அவற்றில் தோட்டத் தொழிலாளர் பற்றியவை எத்தனை? மாவட்டத்தின் பகுதிநேரச் செய்தியாளர்கள் எந்த முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர், அவர்களில் பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் எத்தனை பேர்? 12(2) பிரிவின் எச், ஐ, ஜே, கே கூறுகளை நிறைவேற்றச் சென்னை, திருவனந்தபுரம் நிலையங்கள் ஒதுக்கிய தொகை எவ்வளவு? 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும், ‘தகவல் பராமரிக்கப்படவில்லை’ என்று வந்தாலும் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். மதுரைக் கிளையில் பொதுநல மனு போடும்போது அது முதல் இணைப்பாக இருக்கும்.