பாதியில் நிற்பது தோல்வியா?

எடுத்த காரியத்தை முடிக்காமல் விடக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 'பாதியில் விட்டவன்' என்ற பெயருக்கு அஞ்சாதவர் நம்மில் குறைவு. தேர்வுக்கும் தொழிலுக்கும் இவ்வறிவுரை பொருந்தும். கடும் வெப்பத்தில் 42.195 கிலோமீட்டர் ஓடும் மாரத்தானுக்கும் இது அப்படியே பொருந்துமா?

2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், பெண்கள் மாரத்தானின் உலகச் சாதனையாளரான பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃப், 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஓடினார். ஏறக்குறைய 36ஆவது கிலோமீட்டரில் நின்றார். சாலையோரத்தில் அமர்ந்து அழுதார். காலில் காயம், அதற்கு உண்ட மருந்தால் வயிற்றுக் கோளாறு என்பதெல்லாம் பின்னர்தான் தெரிய வந்தது. அதற்குள் அவர் நாட்டு ஏடுகள் சில அவரை மன உறுதியற்றவர் என்று ஏசிவிட்டன. அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானில் வென்றவர் அவரே!

2019இல் தோஹா உலகப் போட்டியில், பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கியும் வெப்பம் 30 பாகைக்குக் குறையவில்லை. ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல். ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. தத்தம் நாட்டின் தலைசிறந்த வீராங்கனைகளான அந்த 28 பேரும் கோழைகளா?

இது நமக்குத் தொலைதூரத்துச் செய்தி அன்று. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் விடியுமுன்னே மாரத்தானைத் தொடங்கிவிடுகிறோம். வெயிலுக்குத் தப்பலாம்; ஈரக்காற்றுக்குத் தப்ப முடியாது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரக்காற்றில் அது சொட்டுகிறதே தவிர, எளிதில் ஆவியாவதில்லை. உடலின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அப்போது மூளையும் குழம்பும். 'நில்' என்று சொல்ல வேண்டிய அறிவே தடுமாறும்போது யார் நம்மை நிறுத்துவது? ஆகவே, அம்முடிவைத் தெளிவு இருக்கும்போதே எடுத்தாக வேண்டும்.

சென்ற ஆண்டு நானும் 31ஆவது கிலோமீட்டரில் நின்றேன். அந்தப் புழுக்கத்திலும் உடல் சிலிர்த்தது, தலை சுற்றியது. தொண்டூழியர்கள் வண்டியில் ஏற்றி அனுப்பினர். "பதக்கம் எங்கே அண்ணா?" என்று தங்கை கேட்டபோது, "கால் சுளுக்கிவிட்டது" என்றேன். நண்பர்களிடமும் அதையே சொன்னேன். நின்றதற்காக நான் இன்று வருந்தவில்லை. அந்தப் பொய்க்காக வருந்துகிறேன். நின்றது சரியென்று அறிந்தும் அதை வெளியில் சொல்லக் கூசியது ஏன்?

இதைச் சோம்பலுக்குச் சாக்காகக் கொள்ள வேண்டாம். சோர்வு வேறு, ஆபத்து வேறு. கால் வலிக்கும், சலிப்புத் தட்டும். அவற்றைத் தாங்கி ஓடத்தான் மாதக்கணக்கில் பயிற்சி செய்கிறோம். ஊக்கமுடைமையையும் ஆள்வினையுடைமையையும் வலியுறுத்திய வள்ளுவர்தாம் வலியறிதல், காலமறிதல் என்ற அதிகாரங்களையும் தந்தார். முயற்சி எவ்வளவு தேவையோ, தன் வலிமையின் எல்லையை அறிவதும் அவ்வளவு தேவை.

நண்பர்களே, அடுத்த முறை ஓடிவிட்டு வரும் தோழரிடம் "முடித்தாயா?" என்று கேட்குமுன் "நலமா?" என்று கேளுங்கள். நின்றுவிட்டேன் என்று அவர் உண்மையைச் சொல்ல அந்த ஒரு சொல் போதும்.