ஹைபிரிட் கார்: பாலமா, வீடா?

ஹைபிரிட் கார் என்றதும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" என்பதுதான். மெக்கானிக்கல் படிக்கும் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இது யாருடைய வேலையை மாற்றப் போகிறது?

1997 டிசம்பரில் டொயோட்டாவின் 'பிரியஸ்' ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதில் பெட்ரோல் இன்ஜினையும் மின்மோட்டாரையும் ஒரு பிளானட்டரி கியர் இணைக்கிறது. புறப்படும்போது மோட்டார் இழுக்கிறது. பிரேக் பிடித்தால் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வீணாகும் சக்தியை பேட்டரியில் சேர்க்கிறது. சிக்னலில் நின்றால் இன்ஜின் அணைந்துவிடும். அதனால்தான் நெரிசலான நகரத்தில் இதன் லாபம் அதிகம்!

ஆராய்ச்சி அத்தோடு நிற்கவில்லை. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியின் இடத்தைப் பல மாடல்களில் லித்தியம் அயான் பிடித்தது. வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றும் பிளக்-இன் ஹைபிரிட் வந்தது. பேட்டரி, மோட்டார், இன்வெர்ட்டர், மென்பொருள் என்று இதில் கற்றுக்கொள்ளும் எல்லாமே நாளை முழு மின்சாரக் காருக்கும் உதவும்.

இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது சீனாவின் பி.ஒய்.டி. 1995-இல் பேட்டரி தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம் அது. 2008-இல் பிளக்-இன் ஹைபிரிட் கார் விற்றது. 2022 மார்ச்சில் பெட்ரோலில் மட்டும் ஓடும் கார்களின் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. டொயோட்டாவோ 2019-இல் இத்துறையின் சுமார் 24,000 காப்புரிமைகளை மற்றவர்கள் ராயல்டி இல்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஆக, தொழில்நுட்பம் இன்று பூட்டி வைத்த ரகசியமல்ல.

இனி நம் ஊருக்கு வருவோம். அம்பத்தூர், ஓசூர், கோவைப் பக்கம் வாகன உதிரிபாகங்கள் செய்யும் பட்டறைகள் ஏராளம். நாளை நம்மில் பலர் வேலை கேட்டுப் போகப் போவதும் அங்கேதான். முழு மின்சாரக் காரில் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது, சைலன்சர் கிடையாது. ஹைபிரிட்டில் இவை எல்லாம் உண்டு, கூடவே மோட்டாரும் உண்டு. அதாவது பழைய வேலை உடனே போகாது, புதிய வேலையையும் கற்றுக்கொள்ளலாம்.

"ஹைபிரிட் இருக்கிறதே, அவசரம் என்ன?" என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பாலம் கடப்பதற்குத்தான், அதிலேயே குடியிருக்க முடியாது. கிடைத்திருக்கும் அவகாசத்தில் பட்டறைகள் மோட்டார் பாகங்களுக்கு மாற வேண்டும். நாமும் பக்கத்து வகுப்பு எலெக்ட்ரிக்கல் நண்பர்களின் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

நண்பர்களே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?