பிறர் காரில் நம் கதவின் தடம்



ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டித் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றோடு கார்களும் பெருகின. வெள்ளிக்கிழமைகளில் சூளகிரி வட்டாரப் பள்ளிவாசல்களின் முன்பும், நிகாஹ் நாள்களில் மண்டபங்களின் முன்பும் தமிழ்நாட்டுப் பதிவெண், கர்நாடகப் பதிவெண் என்ற வேறுபாடின்றிக் கார்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. இடமோ பழைய இடம்தான். இறங்குவோர் கதவை வீசித் திறக்க, அதன் விளிம்பு பக்கத்துக் காரில் இடித்து நசுங்கல் விழுகிறது. யாரும் பார்க்கவில்லை என்றால் பலரும் ஒன்றும் நடவாததுபோல் உள்ளே சென்று தக்பீர் கட்டிவிடுகின்றனர்.

இதைச் சிறிய விஷயம் என்று கருதுவதே நம் கவலை. இது ஹக்குல் இபாத், அதாவது அடியார்களின் உரிமை. தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு மறுமைக்கு வந்தும், பிறர் பொருளைப் பறித்ததாலும் பிறரை ஏசியதாலும் நன்மைகளையெல்லாம் இழந்து நிற்பவனே உண்மையான ஓட்டாண்டி என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை முஸ்லிம் கிரந்தத்தில் காண்கிறோம்.

“வேண்டுமென்றா செய்தோம்? தவறுதலாகப் பட்டுவிட்டது” என்பர் சிலர். தவறுதல் பாவத்தை நீக்கும், ஈட்டை நீக்காது. பிறர் பொருளுக்குச் சேதம் விளைத்தவர், அறியாமல் செய்திருப்பினும் இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்பதே ஃபிக்ஹின் சட்டம். சேதத்துக்கு ஈடு கொடுத்ததற்கு நபியவர்களின் இல்லத்திலேயே முன்மாதிரி உண்டு. மனைவியருள் ஒருவர் அனுப்பிய உணவுத் தட்டு, மற்றொருவர் பணியாளரின் கையைத் தட்டிவிட்டதால் விழுந்து உடைந்தது. நபியவர்கள் சிதறிய துண்டுகளையும் உணவையும் தம் கரங்களாலேயே சேகரித்தார்கள். கொண்டுவந்த பணியாளரைக் காத்திருக்கச் செய்து, உடைந்ததற்குப் பகரமாக நல்ல தட்டொன்றைக் கொடுத்தனுப்பினார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது. ஒரு தட்டுக்கே இந்த நீதி என்றால், பிறரது கார்க் கதவுக்கு என்ன நீதி?

“கார் வைத்திருப்பவர் வசதியுள்ளவர், இன்சூரன்ஸ் இருக்கும்” என்ற வாதமும் எடுபடாது. நம் பகுதியில் நிற்கும் கார்களில் பல, ஷிப்டுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வாடகைக் கார்கள். மாதத் தவணையில் ஓடுபவை. நசுங்கலை எடுக்கப் பட்டறையில் விட்டால் அன்றைய வருமானம் போகும். இன்சூரன்ஸில் கோரினாலோ, கோரிக்கையற்ற ஆண்டுகளுக்காக 20 விழுக்காட்டில் தொடங்கி ஐந்து ஆண்டுகளில் 50 விழுக்காடு வரை வளரும் போனஸ் தள்ளுபடி இல்லாமற்போகும். நாம் உண்டாக்கிய கீறலுக்கு அவர் விலை கொடுக்கிறார்.

அம்புகளுடன் பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ செல்பவர், எவரையும் காயப்படுத்திவிடாதிருக்க அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ளுமாறு நபியவர்கள் பணித்தார்கள். இன்று நம் கையில் அம்பில்லை. கார்க் கதவு இருக்கிறது. அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்வதும் அதே ஒழுக்கமே.

எளிய வழிகள் உண்டு. கதவை அதற்குத் தொலைவிலுள்ள கையால் திறப்பது ஒன்று. ஓட்டுநர் இடக்கையால் திறந்தால் உடல் தானாகத் திரும்பும். கண் வெளியே பார்க்கும். கதவும் வீச்சாகத் திறவாது. சைக்கிளில் செல்வோரின் பாதுகாப்புக்காக 2022 முதல் பிரிட்டனின் சாலை விதிநூலும் இதைப் பரிந்துரைக்கிறது. பின்னிருக்கையில் பிள்ளைகள் இருந்தால் சைல்டு லாக் போட்டுவிட்டு, பெரியவர் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு திறந்துவிட வேண்டும். ஆடிக் காற்றில் கைப்பிடியை விடவே கூடாது. நெருக்கமான இடமானால் முதியோரையும் பிள்ளைகளையும் முன்னரே இறக்கிவிட்டுப் பிறகு நிறுத்தலாம். கதவு விளிம்பில் ரப்பர் பீடிங் ஒட்டுவதற்கு ஆகும் செலவு சொற்பம்.

நிர்வாகத்தினருக்கும் கடமை உண்டு. இன்னோவா போன்ற கார் ஏறத்தாழ 1.83 மீட்டர் அகலம். இரண்டரை மீட்டருக்கு ஒரு கோடு போட்டால் இரு கார்களுக்கிடையே 67 சென்டிமீட்டர் கிடைக்கும். ஒருவர் கதவைப் பாதி திறந்து இறங்க அது போதும். கோடில்லாத மைதானத்தில் அதுவும் கிடைப்பதில்லை. ஒரு மூட்டை சுண்ணாம்பும் இரு தன்னார்வலரும் இருந்தால் ஜும்ஆவுக்கு முன் இதைச் செய்துவிடலாம். அடுத்தவர் இறங்க வழியின்றி ஒட்டி நிறுத்துவோரும் இதில் பங்காளிகளே.

பெரும்பாலான இடிகள் ரக்அத் தவறிவிடுமோ என்ற பதற்றத்தில் நிகழ்கின்றன. இகாமத்தைக் கேட்டாலும் ஓடாமல் அமைதியாக வருமாறு நமக்குக் கட்டளை உண்டு. அந்த அமைதி கார்க் கதவிலிருந்தே தொடங்கட்டும்.

அப்படியும் பட்டுவிட்டால், பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டைக் கண்ணாடித் துடைப்பானில் செருகி வையுங்கள். தொழுகைக்குப் பின் உரியவரைத் தேடிச் சந்தியுங்கள். அவர் மன்னித்தால் அது அவருடைய பெருந்தன்மை. பொறுமை காரின் உரிமையாளருக்கு அழகு. இடித்தவருக்கு அது சாக்கு ஆகாது. உடன் வரும் நம் பிள்ளைகள் பள்ளிவாசலுக்கு உள்ளே கேட்கும் பயானைவிட, வெளியே நாம் எழுதும் அந்தச் சீட்டை அதிக காலம் நினைவில் வைத்திருப்பார்கள்.

பிறர் உரிமையைச் சுமந்தவர்களாக நம்மை எழுப்பாமல் அல்லாஹ் காத்தருள்வானாக. ஆமீன்.